பள்ளத்தில் இறங்காத செயின்

பழைய செயினைச் செய்தித்தாளில் சுற்றித் துணிப்பையில் போட்டு, பையை நெஞ்சோடு அணைத்தபடி தையற்காரி அந்தக் கருவிக் கடைக்குள் நுழைந்தாள். கடை முழுக்க எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை. பின்சுவரில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளில் செயின்கள் தொங்கின. எல்லாமே அவள் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன.

"மரம் வெட்டுற சின்ன மிஷினுக்கு செயின் வேணும்."

கடைக்காரர் நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "எத்தனை இன்ச் தகடு?"

"பன்னெண்டு."

"அது மட்டும் போதாதும்மா. மூணு கணக்கு இருக்கு. கண்ணிக்குக் கண்ணி எவ்வளவு இடைவெளி, உள்பக்கம் இருக்கிற பல்லு எவ்வளவு கனம், அந்தப் பல்லு மொத்தம் எத்தனை. மூணுல ஒண்ணு தப்பினாலும் ஆகாது. புருஷனையும் செயினையும் அளவு பார்க்காம வாங்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

பழைய செயினை மேசைமேல் விரித்து, பல்லை எண்ணினார். நாற்பத்து நான்கு. அளவுகோலை வைத்து, கண்ணிகளைக் கோக்கும் சின்ன ஆணிகளில் அடுத்தடுத்த மூன்றுக்கு இடையே அளந்து அதைப் பாதியாக்கினார். பிறகு ஒரு பல்லைக் கனம் அளக்கும் கருவியின் வாயில் கவ்வக் கொடுத்துப் பார்த்தார். "ஒண்ணு புள்ளி ஒண்ணு மில்லி. தகட்டோட விளிம்புல ஒரு பள்ளம் ஓடும் பாருங்க, அதுக்குள்ள இந்தப் பல்லு இறங்கி ஓடணும். விரலைப் பார்த்தா தைக்கிறவங்க மாதிரி இருக்கு. ஊசி நம்பர் பார்த்து வாங்குவீங்கள்ல, அதே கதைதான்."

எழுந்து போய்ச் சரியான செயினை எடுத்துவந்து பழையதன் பக்கத்தில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"இது வேண்டாங்க."

"இதுதாம்மா சரியானது."

"சரியானது வேண்டாம். பார்க்க இதே மாதிரி இருக்கணும். நீளமும் இதே இருக்கணும். ஆனா மாட்ட முடியக் கூடாது."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

அவளுடைய கணவரை அந்தப் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அணில் என்றால்தான் தெரியும். முப்பது வருஷம் மரம் ஏறி வெட்டியவர். வீட்டுக்கூரை மேல் சாய்ந்த மரமா, கம்பியில் உரசும் கிளையா, கூப்பிடு அணிலை என்பார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பிடிக்கிற அந்தச் சின்ன ரம்பத்தைப் பக்கத்தில் தொங்கவிட்டு ஏறினால், நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும். கீழே கயிறு பிடிக்க எப்போதும் ஒரே ஆள். கயிற்றுக்காரர் என்று பேர். "அணிலை ஏறவிட்ட நாய் மாதிரி காலம் முழுக்க அண்ணாந்து பார்த்தே என் கழுத்து போச்சு அண்ணி" என்று அவளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அணிலின் வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. முதலில் சுண்டுவிரல்; பிறகு மணிக்கட்டு. சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆயிற்று. மருத்துவர் பார்த்துவிட்டு நடுக்குவாதம் என்றார். குணமாகாது, மெள்ள மெள்ளக் கூடும், மரமேறுவதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்றார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற மனிதர் அன்று வாயே திறக்காமல் வீடு வந்து சேர்ந்தார். மறுநாளே கயிற்றையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஆறு மாதம் ஒளித்து ஒளித்து ஓட்டினார். ஒரு நாள், ஒரு வீட்டுத் தோட்டத்தில், உச்சிக்கிளையில் இருந்தபோது ரம்பம் கையிலிருந்து நழுவியது. அதை இடுப்போடு சேர்த்துக் கட்டும் கொக்கியை அன்று அவர் விரல்களால் பூட்ட முடியவில்லை. முடியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. உறுமிக்கொண்டே விழுந்த ரம்பம் கயிற்றுக்காரரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. கயிற்றுக்காரர் அணிலைப் பத்திரமாகக் கீழே இறக்கி, கயிறுகளைச் சுருட்டி, வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டார். வாசலில் அவளிடம் மட்டும், "அண்ணி, நான் ரொம்ப நாளா பார்த்துட்டுதான் இருந்தேன். சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. சரக்கு வண்டி ஓட்டப் போய்விட்டதாகக் கேள்வி.

ஒரு வருஷம் அணில் சும்மா இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, நடுங்கும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, அது உண்மைதான். போன வாரம் ஒரு காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து ரம்பத்தைத் தேடி இழுத்தார். அவள்தான் அதைப் பழைய போர்வையில் சுற்றி ஒளித்துவைத்திருந்தாள். செயினின் வெட்டுப் பல்லெல்லாம் தீட்டித் தீட்டித் தேய்ந்து போயிருந்தது. "இதுக்கு மட்டும் ஒரு செயின் வாங்கிட்டு வா" என்றார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் தொலைபேசியில், "யார்கிட்டயாவது தூக்கிக் குடுத்துடுங்கம்மா" என்றாள். அவரிடம் முடியாது என்று சொல்லத் தையற்காரிக்கு மனம் வரவில்லை. வாங்கிக் கொடுக்கவும் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொல்லி முடித்தாள். கடைக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"தப்பான செயின் என்ன பண்ணும்னு தெரியுமா? அறுந்துச்சுன்னா ஆளைக் கிழிச்சுடும்."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். ஆபத்து இல்லாத தப்பு எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் வெகுநேரம் சுவரிலிருந்த செயின்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "கனம் குறைஞ்சது குடுக்கவே கூடாது. பள்ளத்துல இறங்கிடும், ஓடும்போது ஆடி ஆடிக் கழண்டு வந்துடும். கனம் கூடினது..." எழுந்து இன்னொரு செயினை எடுத்தார். "இது ஒண்ணு புள்ளி மூணு. இடைவெளி அதே, எண்ணிக்கை அதே. ஆனா பள்ளத்துக்குள்ள இறங்கவே இறங்காது. நாள் முழுக்க முட்டினாலும் ஒண்ணும் ஆகாது." பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அளவுச் சீட்டை நகத்தால் கிழித்தெடுத்தார். "இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து சரியான செயினைக் குடுக்கத்தான் கத்துக்கிட்டேன். இது எனக்குப் புதுசு."

வீட்டுப் பின்கதவோரம் அணில் காத்துக்கொண்டிருந்தார். முக்காலி போட்டு, தரையில் காகிதம் விரித்து, ரம்பத்தின் பக்கமூடியைக் கழற்றி எல்லாம் தயாராக வைத்திருந்தார். பெட்டியை வாங்கிப் பிரித்தார். செயினை விரல்களுக்கிடையே ஒரு கணம் உருட்டினார். பிறகு குனிந்து வேலையைத் தொடங்கினார்.

அவள் தையல் மிஷினில் உட்கார்ந்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதித்தாள். ஒரே ஓரத்தை இரண்டு தடவை தைத்தாள். பின்னால் உலோகம் உலோகத்தில் முட்டும் சின்னச் சத்தம். நிற்கும், திரும்ப வரும்.

"இறங்கலியே" என்றார்.

"பள்ளத்துல அழுக்கு அடைஞ்சிருக்கும்."

"இருக்கும், இருக்கும்."

உடைந்த இரும்பறுக்கும் பிளேடுத் துண்டு ஒன்றைத் தேடியெடுத்துப் பள்ளத்தைச் சுரண்டினார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, நூல் நூலாகச் சுரண்டினார். கறுத்த எண்ணெய் அழுக்கு பொடிப்பொடியாகக் காகிதத்தில் விழுந்தது. மறுநாள் தகட்டைத் துடைத்து எண்ணெய் போட்டார். அதற்கு அடுத்த நாள் தகட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

இதில் அவள் எதிர்பாராதது ஒன்று நடந்தது. அவர் முகம் தெளிந்தது. காலையில் தானாக எழுந்து பல் விளக்கினார். "சாப்பாடு ஆச்சா, எனக்கு வேலை கிடக்கு" என்றார். பழைய கதை ஒன்றைச் சொல்லிச் சிரித்தார். பேச்சு குழறினாலும் சிரிப்பு குழறவில்லை. சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை பக்கத்தில் போய் நின்றாள். அந்தக் கைகள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

ஆறாம் நாள், "கடைல தப்பா குடுத்துட்டாங்க போல. மாத்திட்டு வந்துடறியா?" என்றார்.

போனாள். கடைக்காரர் அதே செயினை வேறொரு பெட்டியில் போட்டுத் தந்தார். தரும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. வீட்டில் அணில் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, "உன்னை வேற அலைக்கழிக்கிறேன்" என்றார். அன்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதாள்.

பதிமூன்றாம் நாள் காலை அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். பொத்தான் ஒன்று மேலும் கீழும் மாறியிருந்தது. "கடைக்கு நானும் வரேன். மிஷினைப் பையில வை."

"எதுக்குங்க, நானே போயிட்டு..."

"நானும் வரேன்."

பத்து நிமிஷ நடை, முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாசற்படி, நடைபாதை விளிம்பு என்று எதைக் கண்டாலும் அவர் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. "இடது... வலது..." என்று அவள் பக்கத்திலிருந்து மெல்லச் சொன்னால்தான் அடுத்த அடி பெயர்ந்தது. பேருந்தைப் பிடிக்க ஓடியவர்கள் இரண்டு பக்கமும் விலகி ஓடினார்கள். கடைக்குள் போனதும் என்ன நடக்கும் என்ற யோசனையில் அவள் இரண்டு தடவை இடது வலதை மாற்றிச் சொன்னாள்.

இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அணில் செயினை மேசைமேல் வைத்தார். வார்த்தை வர நேரம் பிடித்தது.

"இது ஒண்ணு புள்ளி மூணு. எனக்கு ஒண்ணு புள்ளி ஒண்ணு வேணும்."

"தப்பு என்னோடதுதாங்க..." என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

"உங்க மேல தப்பே இல்ல. முப்பது வருஷம் இதைத் தடவின விரலுங்க. நடுங்குதுங்கிறதுக்காகக் கனம் தெரியாமப் போயிடுமா? முதல் நாள் கையில வாங்கினதுமே தெரிஞ்சுபோச்சு."

அவள் அருகிலிருந்த எண்ணெய் டப்பாவின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தெரிஞ்சுமா..." என்றாள். "தெரிஞ்சுமா இத்தனை நாளா மாட்டிப் பார்த்தீங்க?"

"கைக்கு ஒரு வேலை இருந்துச்சு" என்றார் அவர். "அப்புறம், நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். நான் கேட்டா நீ அழுவே. அதான் கேட்கல."

"நீங்க மேல ஏறிடுவீங்களோன்னு பயந்தேங்க. ஏறினா உயிரோட இறங்க மாட்டீங்க."

"ஏற மாட்டேன். அன்னைக்கு அவன் காலுக்குப் பக்கத்துல விழுந்துச்சே, அப்பவே என் ஏற்றம் முடிஞ்சுபோச்சு. ஆனா நீ முதல்லயே கேட்டிருந்தா இதைச் சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியல. இந்தப் பதிமூணு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா என் மனசுக்கு நானே சொல்லிக்கிட்டேன்." நின்று மூச்சு வாங்கினார். "அவன்கிட்ட குடுத்துடலாம். குடுக்கும்போது மிஷின் ஓடணும். பல்லு போன மிஷினைக் குடுத்தா அது குப்பையைக் குடுத்த மாதிரி."

கடைக்காரர் சரியான செயினைக் கொண்டுவந்தார். அணில் மேசையிலேயே வைத்து மாட்டத் தொடங்கினார். வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். அவர்களில் ஒருவர், "குடுங்க பெரியவரே, நான் மாட்டிடறேன்" என்று கை நீட்டினார். "அவரு மாட்டுவாரு. நீங்க உட்காருங்க" என்றார் கடைக்காரர்.

செயின் முன்பக்கம் பிடித்தால் பின்பக்கம் நழுவியது. பின்பக்கம் பிடித்தால் முன்பக்கம். வேர்த்தது. கடைசியில் ஒரு பல் இறங்கியது, அடுத்த பல், பிறகு சரசரவென்று முழுச் செயினும் பள்ளத்தில் உட்கார்ந்தது. விரலால் ஒரு சுற்று இழுத்துப் பார்த்தார். தடையில்லாமல் ஓடியது. மூடியைப் போட்டார். ஆனால் அதன் மேல் திருக வேண்டிய நட்டு அவர் விரலில் நிற்கவில்லை. ஒரு தடவை மேசையில் விழுந்தது. இன்னொரு தடவை தரையில். மூன்றாவது தடவையும் விழுந்தபோது பின்னால் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவர் நட்டைப் பொறுக்கி அவளிடம் நீட்டினார். "நீயே போடு. ஊசியில நூல் கோக்கிறவளுக்கு இது என்ன பெரிசு."

அவள் போட்டாள். அவர் சொல்லச் சொல்லத் திருகினாள். "ரொம்ப இறுக்காத. செயினைத் தூக்கினா கொஞ்சம் எழும்பணும், விட்டா உட்காரணும். ம். போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டனுப்பி கயிற்றுக்காரர் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உடம்பு இளைத்திருந்தது.

"உள்ள வாடா. இன்னும் கோபமா?" என்றார் அணில்.

"கோபம் இல்லண்ணே. பயம். உங்களை இப்படிப் பார்க்க மனசு வரல."

"பார்த்தாச்சுல்ல. இப்ப இதைப் பிடி."

கயிற்றுக்காரர் ரம்பத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு ஏறத் தெரியாதே அண்ணே."

"யார் ஏறச் சொன்னா? தரையில நின்னு வெட்டு. விழுந்த மரத்தை வெட்டு. செயின் அளவு மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கேன். கடைல எதைக் குடுத்தாலும் வாங்கிட்டு வந்துடாத." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துக் கண் சிமிட்ட முயன்றார். முகத்தசை ஒத்துழைக்கவில்லை. அவளுக்குப் புரிந்தது. சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரம்பம் போன பிறகு வீடு காலியாகிவிட்டது. கைக்கு வேலை கொடுக்கலாம் என்று அவள் பொத்தான் டப்பாவைக் கொட்டி நிறம் பிரிக்கச் சொன்னாள். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் டப்பாவை மெல்லத் தள்ளிவிட்டார். நோய் அவசரப்படவில்லை. எதையும் விட்டுவைக்கவும் இல்லை. ஒரு வருஷத்தில் நடை போனது. அதற்கடுத்த மழைக்காலத்தில் குரல் உள்ளே இறங்கிவிட்டது. உதடு அசையும், காற்று வரும், சொல் வராது.

அந்த மழையில் அவர்கள் தெருமுனையில் ஒரு மரம் வேரோடு சாய்ந்தது. வெட்டி அப்புறப்படுத்தக் கயிற்றுக்காரர் வந்திருந்தார். ரம்பத்தின் சத்தம் கேட்டதும் கட்டிலில் கிடந்த அணிலின் கண் திறந்தது. உதடு அசைந்தது. அவள் குனிந்து கேட்டாள்; பிடிபடவில்லை. அவர் மறுபடி சொன்னார். முகத்தில் அவசரம் தெரிந்தது. ஏதோ தொழில் விஷயம், செயின் தொங்குகிறதோ, அபாயமோ என்று அவள் தெருவுக்கு ஓடினாள்.

கயிற்றுக்காரர் ரம்பத்தை நிறுத்திவிட்டு, உடம்பெல்லாம் மரத்தூளோடு உள்ளே வந்து கட்டிலருகே மண்டியிட்டார். அணிலின் வாயருகே காதை வைத்தார். வெகுநேரம் கேட்டார். "சரிண்ணே. அப்படியே செஞ்சிடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவள் வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"என்ன சொன்னாரு?"

கயிற்றுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கும் புரியல அண்ணி." தோள் குலுங்கியது. "புரியலன்னு சொல்ல வாய் வரல."

வெளியே ரம்பம் மறுபடி உறுமத் தொடங்கியது. அவள் உள்ளே வந்தாள். அணில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஆச்சு, சொல்லியாச்சு, அவரு பார்த்துக்குவாரு என்று அவளும் சொல்லியிருக்கலாம். அந்தப் பதிமூன்று நாட்கள் அவள் நினைவுக்கு வந்தன. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ரெண்டு பேருக்குமே புரியலங்க. இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க, நான் எங்கேயும் போகல."

அவர் சொன்னார். புரிந்ததுபோல் அவள் தலையை ஆட்டவில்லை. திரும்பச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக அவள் வாய்விட்டுக் கேட்க, அவர் இமையை மூடி ஆமாம் என்றார். மூடாமல் இல்லை என்றார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அது அவளுக்குப் பிடிபட்டது.

அவனுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தியா?

அவள் எழுந்து, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு, தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.